பார்த்துக்கொள்ளும் வீட்டில் வார்த்தை தடிக்கும்போது: பரிவோடு பேசும் முறை

என் அம்மாவின் தலையணை உறையை மாற்றும்போது அதன் உள்மடிப்பிலிருந்து நான்கு மாத்திரைகள் உதிர்ந்தன. மூன்று அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் எச்சில் பட்டு, ஓரம் கரைந்து, துணியின் நூலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. இதயம் பலவீனமானதால் காலில் நீர் கோத்திருந்த அவருக்கு மாலையில் கொடுத்துவந்த நீர் இறங்கும் மாத்திரைகள் அவை. வீக்கம் ஏன் வடியவில்லை என்று இரண்டு வாரமாக நான் குழம்பிக்கொண்டிருந்தேன். மாத்திரைகளை உள்ளங்கையில் ஏந்திப் போய் அவர் முன் நீட்டி, "இது என்னம்மா? ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? எத்தனை முறை சொல்வது உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் எங்களுக்குள் பேச்சே இல்லை.

மறுநாள் காலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு விதமாகக் கேட்டேன். "அம்மா, தலையணை உறைக்குள் நான்கு மாத்திரைகள் இருந்தன. வீக்கம் குறையாததால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாத்திரையால் உங்களுக்கு என்ன தொந்தரவு என்று சொல்வீர்களா?" சிறிது நேரம் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "அதைப் போட்டால் இரவில் மூன்று முறை உன்னை எழுப்ப வேண்டியிருக்கிறது. நீ காலையில் வேலைக்குப் போக வேண்டாமா?" என்றார். அது ஃபியூரோசமைடு என்னும் மருந்து. உட்கொண்டபின் ஏறக்குறைய 6 மணி நேரம் சிறுநீரைப் பெருக்கிக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னதும், மாலை வேளை மாத்திரையைப் பிற்பகலுக்கு மாற்றிக் கொடுத்தார். அதன்பின் தலையணை உறைக்குள் எதுவும் அகப்படவில்லை.

நான் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தது, என் தூக்கத்தைக் காப்பாற்ற அவர் எடுத்த முடிவாக இருந்தது. நோயாளியோ முதியவரோ இருக்கும் வீடுகளில் நடக்கும் சண்டைகள் மாத்திரை, குளியல், சாப்பாடு, தூங்கும் நேரம் என்ற பெயர்களில் நடந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடியில் கிடப்பது இந்த உடம்பின்மேலும் இந்த நாளின்மேலும் யாருக்குச் சொல் உண்டு என்ற கேள்விதான் என்பது என் அனுபவம். அறுபது, எழுபது ஆண்டுகள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவருக்குக் கழிப்பறைக்குப் போவதற்குக்கூட இன்னொருவரின் கை தேவைப்படும்போது, மிச்சமிருக்கும் கடைசி அதிகாரம் "வேண்டாம்" என்ற சொல்லாகவே இருக்கும். ஆகவே அவர் அதைப் பற்றிக்கொள்கிறார். பேசத் தொடங்கும் முன் "இவருடைய எந்த உரிமையை நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன், அதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்க முடியும்?" என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்கும் பழக்கம், கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பேச்சினால் தீராத சண்டைகளும் உண்டு. அவற்றை அடையாளம் காணாமல் பேசிக்கொண்டே இருப்பது ஆபத்து. நேற்றுவரை சாதாரணமாக இருந்தவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழம்பி, எரிந்து விழுந்து, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், அதைக் குணமாற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் குறைவது, நாள்பட்ட மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகிய எதுவும் முதியவர்களுக்கு இப்படியான திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை அது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் காரணமின்றிக் கோபப்பட்டு, வியர்த்து, கை நடுங்கினால், இரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டுமே தவிர, சமாதானம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் பலர் அதைக் கோபமாகத்தான் காட்டுகிறார்கள். சட்டை மாற்றும்போதெல்லாம் கையைத் தட்டிவிடுகிறவருக்குத் தோள்மூட்டில் வலி இருக்கலாம்.

காதையும் கவனியுங்கள். 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேலானோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் இழந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் மெய்யொலிகள். எனவே அவருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. நாம் கத்தும்போது உயிரொலிகள் பெருகுகின்றன, மெய்யொலிகள் தெளிவதில்லை. நம் முகம் மட்டும் கோபமுகமாக மாறிவிடுகிறது. அவர் நம் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார். எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி இருந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசினாலே பல வீடுகளில் பாதிச் சண்டை நின்றுபோகும்.

முதல் வாக்கியத்தை எப்படிக் கட்டுவது

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) 1960களிலிருந்து உருவாக்கி வளர்த்த பேச்சுமுறை ஒன்று உண்டு. வன்முறையற்ற உரையாடல், பரிவான உரையாடல் என்றெல்லாம் அதைக் குறிப்பிடுகிறார்கள். அதன் அமைப்பு எளிமையானது: கண்டதைச் சொல்வது, அதனால் நமக்குள் எழும் உணர்வைச் சொல்வது, அந்த உணர்வுக்குப் பின்னால் இருக்கும் தேவையைச் சொல்வது, பிறகு செய்யக்கூடிய ஒன்றை வேண்டுகோளாகக் கேட்பது. படிக்கும்போது இது மிக எளிதாகத் தோன்றும். இரவு இரண்டு மணிக்கு ஈரப் படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று; அதனால்தான் அமைதியான நேரத்தில் பழக வேண்டியிருக்கிறது.

கண்டதைச் சொல்வது என்பதில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். "நீங்கள் சாப்பிடுவதே இல்லை" என்பது கண்டதன்று. அது நம் தீர்ப்பு. "இன்று காலையும் மதியமும் தட்டில் பாதி மிஞ்சியிருந்தது" என்பதே கண்டது. வீட்டு மூலையில் ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் சொல்லிப் பழகுங்கள். எப்போதும், ஒருபோதும், எல்லாவற்றிலும், வேண்டுமென்றே என்ற சொற்களைக் கேமரா பதிவு செய்வதில்லை. தீர்ப்பைக் கேட்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாதாடத் தொடங்குவார். கண்டதைக் கேட்டவருக்கு வாதாடுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

உணர்வைச் சொல்லும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. "நீங்கள் என்னை மதிக்கவில்லை என்று நினைக்கிறேன்" என்பது உணர்வைப் போல ஒலித்தாலும் குற்றச்சாட்டுதான். பயமாக இருக்கிறது, களைப்பாக இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது, கவலையாக இருக்கிறது: உணர்வுச் சொற்கள் இவ்வளவு சின்னவை. நம்மில் பலர் பயத்தைக் கோபமாக மாற்றித்தான் வெளியே விடுகிறோம். கழிப்பறையில் வழுக்கி விழப் பார்த்த அப்பாவிடம் "யாரைக் கேட்டு எழுந்தீர்கள்?" என்று சீறுகிற மகனுக்குள் இருப்பது, அப்பா இடுப்பை உடைத்துக்கொண்டுவிடுவாரோ என்ற நடுக்கம். அந்த நடுக்கத்தையே சொன்னால் அப்பாவுக்கு அது புரியும். "நீங்கள் தடுமாறியதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது அப்பா."

தேவையை அடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தேவையையும் அவர் தேவையையும் சேர்த்தே சொல்லலாம். "நீங்கள் தனியாகப் போய்வர விரும்புகிறீர்கள் என்பது தெரிகிறது, நீங்கள் விழாமல் இருப்பது எனக்கு முக்கியம்" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டால், இருவரும் எதிரெதிரே நிற்பது மாறி, சிக்கலை ஒரே பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குகிறீர்கள். வேண்டுகோள் கடைசியில் வரட்டும். அது குறிப்பானதாக, இன்றே செய்யக்கூடியதாக, மறுக்க இடம் உள்ளதாக இருக்கட்டும். "இனிமேல் ஜாக்கிரதையாக இருங்கள்" என்பதை யாராலும் செய்ய முடியாது. "எழுவதற்கு முன் இந்த மணியை ஒருமுறை அடிப்பீர்களா? நான் கதவுக்கு வெளியே நின்றுகொள்கிறேன், உள்ளே வரமாட்டேன்" என்பதைச் செய்ய முடியும். கதவுக்கு வெளியே நிற்பதாகச் சொன்ன அந்த ஒரு சொல்லில் அவருடைய உரிமை அவரிடமே திரும்பிப் போகிறது.

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்வது இந்த முறையின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. முதியவருக்கும் நோயாளிக்கும் பதில் தேட நேரம் வேண்டும். பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டவருக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நான் முதன்முதலில் எண்ணிப் பார்த்தபோது, வழக்கமாக நான்காவது எண்ணிலேயே நான் மறுபடியும் பேசத் தொடங்கிவிடுவது தெரிந்தது.

தமிழில் நாம் அறியாமல் குத்தும் இடங்கள்

நம் மொழியில் மரியாதையும் அதிகாரமும் வினைமுற்றிலேயே இருக்கின்றன. அதனால் ஒரு விகுதி மாறினாலே மனம் நொந்துவிடும். "குளிக்க வேண்டும்", "சாப்பிட வேண்டும்", "போட்டாக வேண்டும்" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். காலை முதல் இரவு வரை கட்டளைக்குள்ளேயே ஒருவர் வாழ்கிறார் என்பது விளங்கும். "இப்போது குளிக்கலாமா, செய்தி முடிந்த பிறகு குளிக்கலாமா?" என்று கேட்கும்போது குளியல் நடக்கும், நேரத்தை அவர் தீர்மானிப்பார். தேர்வுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டுமே உங்களுக்கு ஏற்புடையவையாக இருக்க வேண்டும். போலியான தேர்வை அவர் உடனே கண்டுகொள்வார்.

"ஏன்" என்ற கேள்வி தமிழில் பெரும்பாலும் கேள்வியாக இருப்பதில்லை. "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய குற்றவாளி ஆகிவிடுகிறார். "சாப்பிட என்ன சிரமமாக இருக்கிறது?" என்று கேட்டால், பல் வலிக்கிறது என்றோ, எல்லாம் கசக்கிறது என்றோ, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றோ பதில் வரும்.

அருகில் இருப்பவரைப் படர்க்கையில் பேசுவது இன்னொன்று. மருத்துவரிடமோ வந்த உறவினரிடமோ "அவர் சரியாகவே தூங்குவதில்லை, சொன்னால் கேட்பதும் இல்லை" என்று, அவர் காதுபட, அவர் இல்லாதது போலப் பேசுகிறோம். பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் (1937–1998), மறதி நோயாளிகளின் மதிப்பைக் குலைக்கும் அன்றாட நடத்தைகளை வரிசைப்படுத்தியபோது, எதிரே இருப்பவரைப் பொருட்படுத்தாமல் மற்றவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதையும், குழந்தையைப் போல நடத்துவதையும் அவற்றில் சேர்த்தார். இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்றும் அவர் சுட்டிக்காட்டினார். "அப்பா, தூக்கம் பற்றி நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டுத் தொடங்குவதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

எல்லாவற்றையும்விட ஆழமாகப் பாய்வது சொல்லிக் காட்டுவதுதான். "உனக்காக நான் வேலையை விட்டேன்", "மலம் அள்ளுவது யார், நான்தானே?" என்ற சொற்கள் ஒருமுறை வந்துவிட்டால், அதன்பின் தண்ணீர் கேட்கவும் அவருக்குத் தயக்கம் வந்துவிடும். சொல்லிக் காட்டுகிறவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை; அது பெரும்பாலும் உரிய நேரத்தில் கேட்காமல் விட்ட உதவி, பல மாதங்கள் புளித்துப்போய் வெளியே வருவது. அதற்கான மருந்தைப் பின்னால் சொல்கிறேன்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்

தெளிந்த அறிவோடு இருக்கும் ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கவும், நமக்குச் சரியென்று படாத முடிவை எடுக்கவும் உரிமை உண்டு. இதை ஏற்பது பராமரிப்பவருக்கு மிகக் கடினம். நானும் பலமுறை தோற்றிருக்கிறேன். மறுப்பு வந்தால், இது உயிருக்கு இப்போதே ஆபத்தானதா, பின்னால் ஆபத்தாகக்கூடியதா, வெறும் என் வசதிக்கானதா என்று பிரித்துப் பாருங்கள். குளியலை ஒரு நாள் தள்ளிப்போடலாம். ஈரத் துணியால் துடைத்தாலும் போதும். எந்தச் சட்டை என்பதில் சண்டையே வேண்டாம். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, இன்சுலின் போன்றவற்றில்தான் விடாமல் பேச வேண்டியிருக்கும், அங்கேயும் "இதைப் போடாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?" என்று மிரட்டுவதைவிட, "இதில் உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்று கேட்டு, பதிலை அவர் சொற்களிலேயே திரும்பச் சொல்லி, "இப்படித்தானே சொல்கிறீர்கள்?" என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவரிடம் அந்தக் காரணத்தை எடுத்துப் போவதே பலன் தரும். எல்லாச் சிறு விஷயங்களிலும் வென்றவருக்குப் பெரிய விஷயத்தில் கேட்க ஆள் இருக்காது.

சிலருடைய மறுப்பு மறுப்பே ஆகாது. மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் வந்தவர்களில் சிலர், இடது கை கால் அசையாத நிலையிலும் தனக்கு ஒன்றுமில்லை, நடப்பேன் என்று உறுதியாகச் சொல்வார்கள். நரம்பியல் மருத்துவர் ஜோசஃப் பாபின்ஸ்கி 1914இல் இந்த நிலைக்கு அனோசோக்னோசியா என்று பெயரிட்டார். தன் குறையை அறியும் ஆற்றலே மூளையில் பாதிக்கப்பட்டிருக்கும் நிலை அது. அல்சைமர் நோயிலும் இது காணப்படுகிறது. இவரிடம் ஆதாரம் காட்டி நிரூபிப்பதில் பயனில்லை. "நடக்கலாம், நானும் உங்களோடு வருகிறேன், முதலில் இந்தப் பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் விருப்பத்தின் திசையிலேயே பாதுகாப்பைச் சேர்த்துவிட வேண்டும்.

நினைவு தவறியவரோடு பேசும்போது

மறதி நோய் முற்றியவரிடம் மேலே சொன்ன நான்கு படிகளை அப்படியே பயன்படுத்த முடியாது. நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் அவருக்கு நழுவியிருக்கும். இங்கே வாக்கியம் சின்னதாக வேண்டும், ஒன்றில் ஒரு கருத்து மட்டும் இருக்க வேண்டும், மீதியை முகமும் கையும் சொல்ல வேண்டும்.

மாலை மங்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டே "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். "இதுதானே உங்கள் வீடு?" என்று திருத்தினால், தன்னை யாரோ அடைத்து வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் சொல்லும் வீடு பெரும்பாலும் ஓர் இடமாக இல்லாமல், பயமில்லாமல் இருந்த ஒரு காலமாக இருக்கிறது. "வீட்டை நினைத்துக்கொண்டீர்களா? அங்கே யார் யாரெல்லாம் இருப்பார்கள்?" என்று கேட்டபடி விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து நாலடி நடந்து, பக்கத்தில் உட்காருங்கள். பசியா, சிறுநீர் முட்டுகிறதா, குளிர்கிறதா என்றும் பாருங்கள். இறந்துபோன கணவரைத் தேடுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகத் துக்கப்படுவார். பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால், பொய்யும் சொல்லாமல் செய்தியும் சொல்லாமல், "அவர் நினைவாகவே இருக்கிறதா? எனக்கும் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அந்த ஏக்கத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

"எப்படியும் மறந்துவிடுவார்" என்று நினைத்து எரிந்து விழுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் காட்சிகள் பெருமளவு மறந்துபோயின. ஆனால் அவை எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அதற்குப் பின்னும் நீடித்தன. காலையில் நாம் கத்தியது அவருக்கு நினைவிருக்காது, காரணம் தெரியாத ஒரு கலக்கம் மட்டும் தங்கியிருக்கும். நாம் சிரித்துப் பேசியதும் அப்படியே தங்கும்.

உடன்பிறந்தவர்களோடு

நோயாளியோடு வரும் சண்டை அன்றே ஆறிவிடும். அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு வருவது ஆண்டுக்கணக்கில் ஆறாது. தூரத்தில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் "ஏன் இந்த டாக்டரிடமே காட்டுகிறாய்? அப்பா இளைத்துப்போய்விட்டாரே" என்று கேட்கும்போது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு அது தன் மூன்று வருட உழைப்பின்மீது வீசிய கல்லாகப் படுகிறது. "இங்கே வந்து பார்த்தால் தெரியும்" என்று அவர் திருப்பி எறிகிறார். அண்ணனின் கேள்விக்குப் பின்னால் அருகில் இல்லையே என்ற குற்ற உணர்வு இருக்கலாம் என்று ஊகிக்க முடிந்தால், பதில் மாறும். "அப்பாவைக் காணொலியில் பார்த்ததும் உங்களுக்குக் கவலையாகிவிட்டதா அண்ணா? போன மாதத்தைவிட 2 கிலோ குறைந்திருக்கிறார், எனக்கும் கவலைதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் தொலைபேசியில் இருந்து கேள்வி கேட்கிறீர்களா?" இதில் தங்கை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

தமிழில் "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இங்கே பெரிய வரம், பெரிய ஆபத்தும்கூட. "நாங்கள்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்தில் கேட்பவரைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். "அப்பாவுக்கு நாம் அடுத்து என்ன செய்யலாம்?" என்று தொடங்கினால் அவர் உள்ளே வந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உதவி கேட்பதைக் கணக்காகக் கேளுங்கள். "நீங்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்பது புலம்பல். அதற்கு "சரி, பார்க்கலாம்" என்ற பதில் வரும், அதோடு முடிந்துவிடும். "அடுத்த மாதம் முதல் சனிக்கிழமையும் மூன்றாவது சனிக்கிழமையும் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை அம்மாவோடு இருக்க முடியுமா?" என்று கேட்டால் முடியும், முடியாது என்ற விடை கிடைக்கும். முடியாது என்பவரிடம் "அப்படியானால் எது முடியும்?" என்று கேட்டு நிறுத்துங்கள். நேரில் வர முடியாதவர் மருந்துகளை வாங்கி அனுப்பலாம், காப்பீட்டுப் படிவங்களைப் பார்க்கலாம், இரவு நேரத்துக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்கலாம், தினமும் மாலையில் அரை மணி நேரம் அம்மாவோடு பேசலாம்; அந்த அரை மணி நேரமே உடனிருப்பவருக்கு ஓய்வு.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு வளர்ந்த குடும்பங்களில்தான் பணத்தால் உறவு முறிகிறது. ஒரு நோட்டில் வரவையும் செலவையும் எழுதி, ரசீதுகளைச் சேர்த்து வைத்து, மாதம் ஒருமுறை படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். யாரும் கேட்காதபோதே அனுப்புவது நல்லது; கேட்ட பிறகு அனுப்பும் கணக்கில் சந்தேகத்தின் வாடை ஏறிவிடும். முக்கியமான முடிவுகளை இரவு நேரத் தொலைபேசிப் பேச்சில் எடுக்காதீர்கள். நாள் குறித்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நோயாளியின் விருப்பம் என்ன என்று முதலில் அவரிடமே கேட்டுவிட்டு, பிறகு கூடுங்கள். முடிவானதை நான்கு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற அடுத்த சண்டை வராது. சிறு வயதுக் கணக்குகள், யாருக்கு அதிகம் செய்தார்கள் என்பவை எழுந்தால், "அதையும் ஒருநாள் பேசுவோம், இன்று அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்று மரியாதையாக நிறுத்தலாம்.

உங்கள் பங்குப் பரிவு

மேலே சொல்லிக் காட்டுவதற்கு மருந்து சொல்வதாகச் சொன்னேன். அது இதுதான்: முடியவில்லை என்பதை, முடியாமல் போவதற்கு முன்பே சொல்வது. பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸ்டீவன் சாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980இல் உருவாக்கிய கேள்விப் பட்டியல், இன்று 22 கேள்விகள் கொண்ட வடிவில் பல நாடுகளில் பயன்படுகிறது. அந்த நபரின் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. கோபம் வருவது அவ்வளவு பொதுவானது. அன்பு குறைந்துவிட்டதாக எண்ணி அதை மறைக்க வேண்டியதில்லை. தூக்கமும் உதவியும் குறைந்துவிட்டன என்ற அறிவிப்பாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், 66 முதல் 96 வயது வரையிலான, துணைவரைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்களுக்கு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. உங்கள் ஓய்வை நீங்கள் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

நோயாளியிடமும் எல்லையைச் சொல்லலாம். பரிவு என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. "நான் இரவில் நான்கு முறை எழுந்தால் பகலில் உங்களைத் தூக்கும்போது கை தளர்ந்துவிடுகிறது. இரண்டு இரவுகளுக்கு ஒருவரை வைத்துக்கொள்ள விரும்புகிறேன். யார் வந்தால் உங்களுக்குக் கூச்சம் இருக்காது?" முடிவு உங்களுடையது, ஆள் யார் என்பது அவருடையது.

சண்டை சூடேறும்போது அந்த இடத்திலேயே தீர்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். தம்பதியரின் சண்டைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வது காதில் ஏறுவதில்லை என்றும், உடம்பு தணிய 20 நிமிடமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் பேசாமல் எழுந்து போய்விட்டால், படுக்கையில் இருப்பவருக்கு அது கைவிடப்பட்டதாகத் தோன்றும். அவரால் பின்னால் வர முடியாது. "எனக்குக் கோபம் வருகிறது, கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறேன்" என்று சொல்லி, தண்ணீரும் அழைப்பு மணியும் அவர் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வாருங்கள்.

அவர் அடிக்க வந்தாலோ, கையில் கூர்மையான பொருள் இருந்தாலோ, இந்தப் பேச்சுமுறை எதுவும் அப்போது பொருந்தாது. விலகி நின்று, வழியை மறிக்காமல், உதவிக்கு ஆளை அழையுங்கள். உங்கள் கையே ஓங்கிவிடும் என்று தோன்றுகிற நாளும் அப்படித்தான். உடனே அறையை விட்டு வெளியே வந்து, நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். இப்படித் தோன்றிய முதல் மனிதர் நீங்கள் இல்லை.

கத்திய பிறகு

கத்தாமல் இருக்கவே முடியாது என்பதால் மன்னிப்புக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதில் "ஆனால்" வரக் கூடாது. "கத்தியது தப்புதான், ஆனால் நீங்களும் அப்படிப் பேசலாமா?" என்பது சண்டையின் இரண்டாம் பாகம். கண்டது, அது அவருக்கு என்ன செய்திருக்கும் என்பது, இனி என்ன செய்வேன் என்பது: இந்த மூன்றும் போதும். விளக்கத்தை அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். நினைவு தவறியவரிடமும் கேளுங்கள். சம்பவம் போய்விட்டாலும் கலக்கம் அவரிடம் தங்கியிருக்கிறது, அதற்குத்தான் அந்த மன்னிப்பு.

மாத்திரை வேளை மாறிய அன்று மாலை நானும் அம்மாவிடம் கேட்டேன். "நேற்று மாத்திரைகளை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினேன். உங்களுக்கு அவமானமாக இருந்திருக்கும். இனி எதுவானாலும் முதலில் உட்கார்ந்து கேட்கிறேன்." அவர் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த நாளுக்கான மாத்திரைப் பெட்டியைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதை நானே பிரித்துப் போடுகிறேன், நீ சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்" என்றார். பிற்பகல் அறையின் மூடியைத் திறக்க அவர் விரலுக்கு வலு போதவில்லை. உதவப் போன கையை நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றாம் முயற்சியில் திறந்தது.